நான் ரைட் கொடுத்த வண்டி

மணி,

உன் சிநேகிதன் பாரூக் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தங்கச்சி நிக்காஹ் பத்திரிகை வைக்க நம் வீட்டுக்கு வந்திருந்தான். உன் அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டான். பிறகு தரையைப் பார்த்தபடி, "அம்மா, மணி நல்லா இருக்கான். ஓசூர்ல வேலையில இருக்கான். ஆனா எங்க இருக்கான்னு உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்" என்றான். ஓசூரைச் சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. அவனைத் திட்டாதே. உன் அம்மா எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒன்றை மறைப்பது லேசான காரியமில்லை. நீ இத்தனை நாள் மறைத்ததுகூட பெரும்பாலும் சென்னையில் இருந்துகொண்டு போனில் பேசியதால்தான் முடிந்தது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஆயுசில் பாதியைக் கழித்த கண்டக்டர் நான். டிக்கெட்டின் முதுகில் பாக்கிச் சில்லறையைக் கிறுக்கிக் கொடுத்ததுதான் நான் எழுதிய எழுத்தெல்லாம். அதனால் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை. நீ சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகிறது. பொங்கலுக்கு வந்துபோன கொஞ்ச நாளில் நீ நம்பரை மாற்றிவிட்டாய். பழைய நம்பரைக் கூப்பிட்டால் இது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. உன் அம்மா தினமும் காலையில் ஒரு முறை அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள் என்று ஊரே சொல்கிறது. உன் அம்மா ஒன்றைக்கூட விடுவதில்லை. எது உன் புது நம்பராக இருக்குமோ, யாருக்குத் தெரியும்? கையில் மாவோடு ஓடிவந்து எடுப்பாள். பாதிக்கு மேல் கார்டுக் கடன் வசூல்காரர்கள்தான். "மணிவண்ணனோட அம்மாவா?" என்று ஆரம்பிப்பார்கள். உன் பேரை ஒருவர் வாயால் கேட்டதே போதும் என்பதுபோல "ஆமாங்க, ஆமாங்க" என்பாள். அடிக்கடி கூப்பிடுகிற ஒரு பெண்ணிடம் ஒருநாள், "ஏம்மா, நீ எம் புள்ளகிட்ட பேசினியா? கொரலு எப்பிடி இருந்துச்சி? சளி புடிச்சாப்புல இருந்துச்சா?" என்று கேட்டாள். "நம்பர் மாத்தறதுக்கு முன்னாடி பேசினாருங்கம்மா, நல்லாத்தான் பேசினாரு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க உன் அம்மா "நல்லாத்தான் பேசினானாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடன் கேட்கக் கூப்பிட்டவளிடம் பிள்ளையின் சேதி வாங்கிச் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு எங்களைக் கொண்டுவந்துவிட்டாய். கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் கோபத்தைவிட உன்னைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஜாஸ்தியாக இருக்கிறது.

ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒரு பையன் கூப்பிட்டு எனக்கே ஒரு கிரெடிட் கார்டு தருவதாகச் சொன்னான். "தம்பி, எங்க ஊட்டுக்கு ஏற்கெனவே ஒண்ணு வந்துச்சி. வந்து புள்ளயக் கூட்டிக்கினு பூடுச்சி" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் கார்டுக்கு லிமிட் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

போன பொங்கலுக்கு வந்துவிட்டு நீ திரும்பிப் போன நாளைத்தான் நான் ஓயாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டிக்கு நிற்கிறோம். ஒரு தோளில் உன் பை, ஒரு கையில் அம்மா கொடுத்த முறுக்கு டப்பா. லீவு முடிகிற நாள், கூட்டம் நெரிகிறது. வண்டி கிளம்பப்போகிறது. நீ ஒரு காலைப் படியில் வைத்தாய். இன்னொரு கால் தரையில் இருந்தது. அப்படியே திரும்பி, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் என்ன செய்தேன்? "ஏறு ஏறு, போயி சேந்துட்டு போன் பண்ணு, பின்னாடி வண்டி நிக்குது பாரு" என்று உன் முதுகைத் தள்ளினேன். தள்ளியதோடு விட்டேனா, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி "போலாம் ரைட்" என்றும் கத்தினேன். அந்த வண்டிக் கண்டக்டர் என்னிடம் தொழில் பழகியவன். "மாமா ரிட்டயர் ஆயியும் உடமாட்டேங்கறாரு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஜன்னல் வழியாக நீயும் சிரித்தாய். வண்டி திரும்பும்வரை உன் கை தெரிந்தது.

ரைட் என்றால் வண்டி போகலாம், ஹோல்டான் என்றால் நிறுத்து. இவை இரண்டும் தெரிந்தால் பாதிக் கண்டக்டர். ஒரு கால் தரையில் இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு ரைட் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். முழங்கால் போனவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், மீன்கூடைக்காரர்கள் என்று எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒருவர் கால் தரையில் இருக்கும்போது ரைட் கொடுத்ததில்லை. சொந்தப் பிள்ளைக்குத்தான் கொடுத்துவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் நீ போன் செய்தாய். "என்னாடா சொல்லணும்னியே" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, மறந்துட்டேன்" என்றாய். நான் அதையும் நம்பினேன்.

அன்றைக்கு நீ சொல்ல வந்ததை இப்போது பாரூக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உனக்கு வேலை போனது தீபாவளிக்கு முன்னாலேயே என்கிறான். பொங்கலுக்கு வந்தபோது நீ வேலையில்லாமல் வந்திருக்கிறாய். எனக்கு வேட்டி சட்டை, அம்மாவுக்குப் புடவை எல்லாம் கார்டைத் தேய்த்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். அதற்கு முந்தின கோடையில் வாங்கிக் கொடுத்த ஏசியும் கார்டில்தானாம். அந்த ஏசியை நான் எத்தனை பேரைக் கூட்டிவந்து காட்டினேன் தெரியுமா? பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் "எம் புள்ள வாங்கிக் குடுத்தது, போட்டா ஊட்டி மாதிரி இருக்குது" என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை. இப்போது உன் அம்மா அதைப் போட விடுவதில்லை. பழைய புடவை ஒன்றால் மூடி வைத்திருக்கிறாள். அக்னி வெயிலில் இரண்டு பேரும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு வேர்த்துப்போய்ப் படுத்திருந்தோம். "அவன் வந்து போடட்டும்" என்கிறாள். இது என்ன வீம்பு என்று எனக்கும் புரியவில்லை, ஆனால் நானும் ரிமோட்டைத் தொடவில்லை.

வேலை போன பிறகு வாடகைக்கு ஒரு கார்டு, அந்தக் கார்டுக்குக் கட்ட இன்னொரு கார்டு, அதற்கு மாதா மாதம் மினிமம் என்கிற குறைந்தபட்சத் தொகையைக் கட்ட செல்போன் ஆப்பில் ஒரு கடன் என்று போயிருக்கிறது. இதைக் கேட்டு எனக்கு அதிர்ச்சியாக இல்லை. ஏனென்றால் எனக்கு இது தெரிந்த வியாதி. கண்டக்டர் பையில் பணம் குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். கைக்காசு இல்லாதவன் என்ன செய்வான்? அடுத்த நடையின் கலெக்‌ஷனை எடுத்து முந்தின நடையின் குறையை அடைப்பான். அடுத்த நடை குறையும், அதற்கு அடுத்ததை எடுப்பான். வெளியில் பார்க்கிறவனுக்குக் கணக்கு சரியாக இருக்கும். பையை மாட்டியிருக்கிறவனுக்கு மட்டும் தோள் வலிக்கும். அந்த மினிமமும் அதேதான். அதை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடனைக் கட்டுகிற மாதிரியே தெரியும். ஆனால் வட்டி உள்ளே உட்கார்ந்து குட்டி போட்டுக்கொண்டிருக்கும். உன்னை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். நீயும் வண்டி ஓடினால் போதும் என்று ஓட்டியிருக்கிறாய்.

இனி நான் செய்த கோமாளித்தனத்தைக் கேள். வைகாசியில் ஒரு காலை, இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கழுத்தில் ஏதோ அட்டை தொங்கவிட்டுக்கொண்டு. வாசலில் நின்று ஒருவன், "உங்க பையன் பணத்த எடுத்துக்கினு ஓடிட்டாரு, நீங்க பெரிய மனுசன்னு பேரு வச்சிக்கினு உக்காந்திருக்கீங்க" என்று தெரு கேட்கக் கத்தினான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மொட்டை மாடி ஒழுகலை அடைக்கச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தை அப்படியே கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன். அவர்கள் தெருவை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. ரசீது கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறு ஒருவன் கூப்பிட்டான். அப்படி ஒரு பணம் கணக்கில் வரவே இல்லை என்றான். ஆயுசு முழுக்க "டிக்கெட், டிக்கெட்" என்று கத்தினவன், ஒரு துண்டுச் சீட்டு வாங்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். உன் அம்மா இதற்கு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை வந்தால் மட்டும் ஒழுகுகிற இடத்தில் வாளியைக் கொண்டுபோய் டங்கென்று வைக்கிறாள்.

அன்றைக்குத்தான் உன் பழைய பேச்சு ஒன்று ஞாபகம் வந்தது. நீ சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்த புதிது. வழக்கமாக என் வண்டியில்தான் வருவாய். பின்படிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தெரியாதவன் மாதிரி வெளியே பார்ப்பாய். நானும் மற்றவர்களைப்போல உனக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அதற்கான காசை என் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தோல்பையில் போட்டுக்கொள்வேன். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் நீ எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒருநாள் என் வண்டியை விட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறினாய். அந்தக் கண்டக்டர் டிக்கெட் முதுகில் பாக்கி எழுதிக் கொடுத்திருக்கிறார். சிதம்பரத்தில் இறங்கும்போது அதைக் கேட்காமலே இறங்கிவிட்டாய். கையில் வேறு காசில்லாமல் காலேஜ்வரைக்கும் நடந்தே போயிருக்கிறாய். சாயங்காலம் அந்த டிக்கெட்டை என்னிடம் காட்டினாய். "ஒங் காசக் கேக்கறதுக்கு ஒனக்கு என்னாடா கூச்சம்?" என்று கேட்டேன். "எல்லாரும் பாப்பாங்கப்பா" என்றாய்.

எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பணத்தை நீட்டினபோது எனக்கும் அதேதான் தோன்றியது, எல்லாரும் பாப்பாங்க. ஆக, இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று வெளியே தேட வேண்டாம். நானாவது ஒரு காலை நேரம்தான் அப்படி நின்றேன். நீ மாதக்கணக்கில் நின்றிருக்கிறாய். வேலை கேட்டுப் போன இடத்தில், அறையில், சாப்பாட்டுக் கடையில், போன் அடிக்கும்போதெல்லாம். நீ ஏன் ஓடினாய் என்று எனக்கு இப்போது தெரிகிறது. தெரிந்ததால் உன்மேல் பாசம் கூடத்தான் செய்கிறது.

அதற்குப் பிறகு புத்தி வந்து, திருப்பாப்புலியூரில் இருக்கிற உன் கார்டு பேங்க் கிளைக்குப் போனேன். ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "அய்யா, தப்பா நெனைக்காதீங்க. அவரு கணக்கப் பத்தி ஒங்ககிட்ட நான் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. அவருதான் பேசணும்" என்றார்கள். "நான் அவனப் பெத்தவங்க" என்றேன். "அதுக்காகத்தான் சொல்றேன். நீங்க கையெழுத்து போடல, நீங்க கட்டவேண்டியவரும் இல்ல. ஆனா அவரு வாயத் தொறக்காம இது முடியாது" என்றார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொதுவாகச் சொல்கிறேன் என்று கொஞ்சம் சொன்னார்கள். நானும் விடாமல் குடைந்து குடைந்து கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன், கார்டை இன்றோடு நிறுத்திவிடு. எல்லாவற்றையும். பாக்கியோடு இருக்கிற கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் வாங்கின நாளிலிருந்தே வட்டி ஏறுமாம், அதில் போய் டீ வாங்கிக்கூடக் குடிக்காதே. ஒரு கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் கை வைக்காதே. பேங்க்குக்கு நீயே போன் செய், செய்துவிட்டு அதையே மெயிலிலும் எழுது. வேலை போனது, இப்போது இன்ன வேலை, இவ்வளவு சம்பளம், சாப்பாடு வாடகை போக மாதம் இவ்வளவுதான் என்னால் முடியும் என்று உள்ளதை உள்ளபடி சொல். பாக்கியை மாதத் தவணையாக மாற்றி வட்டியைக் குறைத்துக் கேள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. ஆனால் கேட்காதவனுக்கு யாரும் கொடுப்பதில்லை. முடியாததை மட்டும் ஒத்துக்கொண்டு வந்துவிடாதே. அவர்கள் திட்டுவார்களே என்று பெரிய தொகையைச் சொல்லிவிட்டு இரண்டாம் மாதமே தவறினால் மறுபடியும் பழைய இடத்துக்குத்தான் வந்து நிற்பாய்.

மொத்தமாக ஒரு தொகையைக் கட்டு, மீதியை விட்டுவிடுகிறோம் என்று சிலர் சொல்வார்களாம். அதற்குப் பேர் செட்டில்மென்ட். அது உன் கடன் ஜாதகமான சிபில் கணக்கில் பல வருஷத்துக்கு நிற்கும், பிறகு வீட்டுக்கடன் அது இது என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்றார்கள் அந்த அம்மா. வேறு வழியே இல்லையென்றால் அதுவும் ஒரு வழிதான், ஊர் உலகத்தில் செய்யாததில்லை. ஆனால் பேங்க்கிலிருந்து எழுத்தில் வாங்காமல் ஒரு காசு கட்டாதே. கட்டுவதையும் கார்டுக் கணக்கிலேயே கட்டு. வாசலுக்கு வருகிறவன் கையில் பணமாகக் கொடுக்காதே. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் இந்த ஜில்லாவில் இல்லை. காலை எட்டு மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஏழுக்குப் பின்னாலும் கூப்பிடுவதும், அப்பா அம்மாவைக் கூப்பிட்டு மிரட்டுவதும் விதிப்படி கூடாதாம். மீறினால் முதலில் பேங்க்கில் எழுதிக் கொடுக்கலாம், அவர்கள் கேட்கவில்லையென்றால் அதற்கு மேலேயும் புகார் செய்ய இடம் இருக்கிறது. ஏமாற்றும் எண்ணம் இல்லாமல், கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போடுவதில்லை என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால் மட்டும் பிரிக்காமல் தூக்கிப்போடாதே. எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வா, ஒரு வக்கீலைப் போய்ப் பார்ப்போம்.

உன் கடனை நான் கட்டப்போவதில்லை, மணி. கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதே. உன் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஏசியை விற்றுவிடலாமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சங்கிலியை விற்று நான் கட்டினால், அந்தக் கார்டுக்காரர்களோடு சேர்த்து அம்மா கழுத்துக்கும் பயந்து நீ ஓட ஆரம்பிப்பாய். என்னிடம் கொடுக்க இருப்பது வேறு. வாடகை இல்லாத ஒரு அறை, மூன்று வேளைச் சோறு, ஓசூரை விட்டு வந்தால் சிதம்பரத்திலோ புதுச்சேரியிலோ ஒரு வேலை கிடைக்கும்வரைக்கும் முகம் சுளிக்காத வீடு. அப்புறம் நான். நீ பேங்க்குக்குப் போன் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் பேசமாட்டேன், சத்தியமாக. உனக்கு வாய் வராத இடத்தில் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவேன், அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதியது ஒரு பயத்தில்தான் என்று சொல்லிவிடுகிறேன். பேப்பரில் சில சேதிகள் வருகின்றன. கடன் தொல்லை என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தை உன் அம்மா மடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுகிறாள். நான் அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பேரையும் ஊரையும் பார்ப்பேன். நம் ஊர் இல்லை, உன் பேர் இல்லை என்று தெரிந்தால் உயிர் வரும். அப்புறம் அது யார் வீட்டுப் பிள்ளையோ என்று இருக்கும். அப்படி ஏதாவது எண்ணம் உனக்கு ஒரு நிமிஷம் வந்திருந்தால்கூட, வந்தது என்று என்னிடம் சொல். நான் திட்டமாட்டேன். அந்தப் பணம் எவ்வளவாக இருந்தாலும் அது பணம்தான், மணி. எங்களுக்கு நீ வேண்டும். கட்டி முடித்த மணி வேண்டும் என்று இல்லை. கடனோடு இருக்கிற மணியே போதும்.

சாயங்காலமானால் கால் தானாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறது. முன்பெல்லாம் சென்னை வண்டிகள் வந்து நிற்கிற இடத்தில் போய் நிற்பேன். "என்னா மாமா, இன்னிக்கும் செக்கிங்கா?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். "ஆமாண்டா, டிக்கெட் வாங்காம ஒருத்தன் எறங்காம இருக்கான், அவனப் புடிக்கணும்" என்பேன். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். பை மாட்டின பையன் எவன் குனிந்து இறங்கினாலும் இரண்டு எட்டு முன்னால் போய்விடுவேன். பாரூக் ஓசூர் என்று சொன்னதிலிருந்து இடத்தை மாற்றிவிட்டேன். இப்போது பண்ருட்டி வழியாக வருகிற பெங்களூரு வண்டிகள் நிற்கிற இடத்தில் நிற்கிறேன். உன் அம்மா என்னோடு வருவதில்லை. ஆனால் நான் திரும்பி வரும்போது வாசலில் நின்று என் பின்னால் பார்ப்பாள். என்னைப் பார்ப்பதில்லை, என் பின்னால்தான் பார்ப்பாள். தினமும் கத்தரிக்காய் கொத்சு மட்டும் மூன்று பேருக்கு ஆகிற அளவு வைக்கிறாள். மறுநாள் காலையில் நான்தான் அதைத் தின்று தீர்க்கிறேன்.

பாரூக் தங்கச்சி நிக்காஹ் அடுத்த மாதம். அவன் உன்னை வரச்சொல்லிக் கூப்பிடுவான். அதற்காகவாவது வா. புதுச்சட்டை வாங்காதே, மொய் வைக்க வேண்டுமே என்று யோசிக்காதே, வெறுங்கையோடு வா. நிக்காஹ் நடக்கிற பரங்கிப்பேட்டைக்கு முட்லூரில் இறங்கிப் போகலாம், ஆனால் நீ முதலில் கடலூரில் இறங்கு. எந்த வண்டி, எத்தனை மணி என்று சொல்லக்கூட வேண்டாம். நான் அங்கேதான் நிற்பேன்.

வந்து இறங்கும்போது அவசரப்படாதே. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில், அன்றைக்கு நின்ற மாதிரியே நில். அன்றைக்கு ஆரம்பித்த இடத்திலிருந்தே ஆரம்பி, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று. டிரைவர் கத்தட்டும், பின்னால் நிற்கிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கட்டும், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கட்டும். ஹோல்டான் என்று நான் ஒரு குரல் கொடுத்தால் அங்கே எந்த வண்டியும் நகராது. நீ சொல்லி முடிக்கும்வரைக்கும் யாரையும் ரைட் சொல்ல விடமாட்டேன்.

அப்பா